இசைத்தட்டில் பியானோ – 14: சோஃபியா, ஒரு பிப்ரவரி இரவு

சென்ற பகுதியில் கிளென் கூல்டை லாஸ் ஏஞ்சலீஸில் விட்டுவிட்டு வந்தோம். 1964 ஏப்ரல் 10 அன்று அங்கே வாசித்ததுதான் அவருடைய கடைசிக் கச்சேரி. அதன்பின் 1982இல் கண்மூடும்வரை ஒலிப்பதிவுக்கூடமே அவருக்கு எல்லாமும் ஆயிற்று. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்து, அவற்றில் நல்ல துண்டுகளைப் பொறுக்கி, ஒலிநாடாவை வெட்டி ஒட்டி, மேடையில் யாராலும் தரமுடியாத ஒரு முழுமையை அவர் தேடினார்.

இந்த வாரம் நாம் பார்க்கப்போகிறவர் அதற்கு நேர் எதிர்த்திசையில் நடந்தவர். ஸ்வியாத்தஸ்லாவ் ரிக்டருக்கு ஒலிப்பதிவுக்கூடம் என்றாலே வேம்பு. அங்கே வாசித்து வெளிவந்து உலகம் கொண்டாடிய சில தட்டுகளை அவரே பின்னாளில் ஏற்க மறுத்தார். ஆனாலும் இருபதாம் நூற்றாண்டில் இவரளவுக்குப் பதிவான பியானோ கலைஞர்கள் மிகக் குறைவு. போன ஊரிலெல்லாம் யாராவது பதிவு செய்துவைத்தார்கள். வானொலி நிலையங்கள் செய்தன, நிறுவனங்கள் செய்தன, மேலங்கிக்குள் கருவியை மறைத்துக்கொண்டு வந்த ரசிகர்களும் செய்தார்கள். அந்தக் குவியலின் முன் புதிதாக வந்து நிற்பவருக்கு எதை முதலில் எடுப்பது என்றே தெரியாது.

என்னைக் கேட்டால், ஒரே ஒரு தட்டுதான். சோஃபியா, 1958 பிப்ரவரி 25.

அந்த இரவுக்குள் போகுமுன், அங்கே வந்து உட்கார்ந்த மனிதர் எப்படி உருவானார் என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்த வாசிப்பின் குணம் அவருடைய இளமையில் இருக்கிறது.

ரிக்டர் பிறந்தது 1915 மார்ச் 20, உக்ரைனின் ஷிட்டோமிர் நகரில். வளர்ந்தது ஒடெஸாவில். தந்தை தியோஃபில், ஜெர்மானிய வம்சாவளி. வியன்னாவில் பயின்றவர், பியானோவும் ஆர்கனும் வாசிப்பவர், ஒடெஸா இசைக் கல்லூரியில் ஆசிரியர். வீட்டிலேயே ஆசான் இருந்தும் மகனுக்கு முறையான பாடம் என்று அதிகம் நடக்கவில்லை. கைப்பயிற்சிகளைத் தாண்டிக்கொண்டு நேரே ஷோப்பானுக்குப் போனான் பையன். அதைவிட, கிடைத்த ஓபராக்களின் சுரப்பிரதிகளைப் பிரித்து வைத்துக்கொண்டு முழுவதையும் பியானோவில் வாசித்துப் பார்ப்பதில்தான் அவனுக்குப் பித்து. பதின்பருவம் முடிவதற்குள் ஒடெஸா ஓபராவில் ஒத்திகைகளுக்குப் பியானோ வாசிக்கும் வேலை கிடைத்துவிட்டது.

இந்த வேலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மேடையில் பாடகர்கள் பாடுகிறார்கள். அறுபது எழுபது பேர் கொண்ட வாத்தியக்குழு வாசிக்க வேண்டியதை ஒரே ஆள் பத்து விரல்களால் தரவேண்டும். ஒரு சுரம் பிசகிவிட்டது என்று நிற்க முடியாது, பாட்டு காத்திருக்காது. எதை விட்டாலும் கதை நகரும், எதை விட்டால் கதையே அறுந்துபோகும் என்பது விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான மேதைகள் எட்டு வயதிலிருந்து ஆசிரியர் முன்னே உட்கார்ந்து பிசகில்லாமல் வாசிக்கக் கற்ற காலத்தில், ரிக்டர் நிற்காமல் வாசிக்கக் கற்றார். பின்னாளில் அவர் எந்தப் பெரிய உருப்படியை எடுத்தாலும் முதல் சுரத்திலேயே கடைசிச் சுரம் தெரிவதுபோல் ஒரு நீளமான பார்வை இருக்கும். அது ஓபரா ஒத்திகைக் கூடத்தில் வந்தது என்றே நான் கருதுகிறேன்.

1934இல் ஒடெஸாவில் முதல் தனிக்கச்சேரி, முழுக்க ஷோப்பான். 1937இல், இருபத்திரண்டு வயதில், மாஸ்கோ இசைக் கல்லூரியில் ஆசிரியர் ஹைன்ரிக் நொய்ஹவுஸ் முன்னால் போய் நின்றார். முறைப்படி படித்திராத இந்த இளைஞன் வாசித்ததைக் கேட்டதுமே இவன் மேதை என்று நொய்ஹவுஸ் சொல்லிவிட்டார். கல்லூரியில் கட்டாயமாக இருந்த அரசியல் பாடங்களுக்குப் போகாததால் ரிக்டர் வெளியேற்றப்பட்டதும், நொய்ஹவுஸ் திரும்ப அழைத்துக்கொண்டதும் நடந்தன.

பிறகு போர். ஜெர்மானியப் பெயரே குற்றமாகிவிட்ட 1941இல் தந்தை கைது செய்யப்பட்டார். அக்டோபரில், ஒடெஸா எதிரிகள் கைக்குப் போகும் முன்பாக, அவரைச் சுட்டுக் கொன்றார்கள். தாய் அன்னா பின்னர் பின்வாங்கிய எதிரிப் படைகளோடு ஜெர்மனிக்குப் போய்விட்டார். மாஸ்கோவில் இருந்த மகனுக்குத் தாய் முகம் பார்க்கக் கிடைத்தது 1960இல்தான்.

அந்தப் போர் ஆண்டுகளில்தான் புரோகோஃபியேவின் ஏழாவது சொனாட்டா அவர் கைக்கு வந்தது. நான்கே நாளில் மனப்பாடம் செய்து, 1943 ஜனவரி 18 அன்று மாஸ்கோவில் முதன்முதலாக அரங்கேற்றினார். அதன் இறுதிப் பகுதி ஏழு அட்சரக் கணக்கில், இரண்டு–மூன்று–இரண்டு என்று விழுந்துகொண்டே இருக்கும்; தொடங்கியபின் ஓரிடத்திலும் மூச்சு வாங்காது. பின்னர் ஒன்பதாவது சொனாட்டாவை அந்த மேதை ரிக்டருக்கே காணிக்கையாக்கினார். புரோகோஃபியேவைக் கேட்க விரும்புகிறவர்கள் 1961இல் டாய்ச்ச கிராமஃபோனுக்காக ரிக்டர் பதிவு செய்த எட்டாவது சொனாட்டாவைத் தேடிப் பிடியுங்கள். போர்க்காலத்தின் அலுப்பும் அச்சமும் அதன் முதல் பகுதியில் எவ்வளவு மெதுவாகக் கசிகின்றன என்பதை, அதே காலத்தில் வாசித்து வளர்ந்த ஒருவரால்தான் அப்படிக் காட்டமுடியும். அவர் செய்த நல்ல கூடப்பதிவுகளில் அது ஒன்று.

1953 மார்ச் 5 அன்று ஸ்டாலினும் புரோகோஃபியேவும் ஒரே நாளில் இறந்தார்கள். ரிக்டர் அப்போது திபிலிசியில் இருந்தார். ஸ்டாலினின் இறுதிச் சடங்கில் வாசிப்பதற்காக மலர்வளையங்கள் நிரம்பிய விமானத்தில் அவரை ஏற்றி மாஸ்கோவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே வைத்திருந்த பியானோவில் மிதிகட்டை வேலை செய்யவில்லை. அதைச் சரிசெய்யக் குனிந்து கீழே சுரப்பிரதிகளைச் செருகியபோது, குண்டு வைக்கிறாரோ என்று காவலர்கள் பதறினார்கள் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். புரோகோஃபியேவை வழியனுப்ப அந்த வாரம் மாஸ்கோவில் பூக்கள்கூட எளிதில் கிடைக்கவில்லை.

இப்போது சோஃபியா. 1958இல் சோவியத் கூட்டணி நாடுகளுக்கு வெளியே ரிக்டரின் பெயர் வதந்தியாகத்தான் உலவியது. 1955இல் அமெரிக்கா போன சோவியத் பியானோ கலைஞர் எமில் கிலெல்ஸ், தன்னைப் புகழ்ந்தவர்களிடம் ரிக்டரைக் கேட்கும்வரை பொறுங்கள் என்று சொன்னது அந்த வதந்திக்கு உரம் போட்டது. பல்கேரியத் தலைநகரில் நடந்த கச்சேரியின் பதிவை பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்டபோதுதான் மேற்கத்திய ரசிகர்கள் பலர் முதன்முதலாக அவர் வாசிப்பைக் கேட்டார்கள்.

ஒற்றைத் தட ஒலி. நாடாவின் இரைச்சல் ஓயாது. பிப்ரவரிக் குளிரில் கூட்டம் இருமித் தள்ளுகிறது. மென்மையான இடங்களில் இருமல் இசையை விட உரக்கக் கேட்கும். ரிக்டர் தவறான கட்டைகளைத் தொடும் இடங்களும் இருக்கின்றன. இத்தனைக்கும் மேலே, முசோர்க்ஸ்கியின் ‘கண்காட்சி ஓவியங்கள்’ என்னும் உருப்படியை இதைவிட உயிரோடு வாசித்த வேறொரு பதிவை எனக்குத் தெரியாது.

அந்தப் படைப்பின் பின்னணி சுருக்கமாக. ஓவியரும் கட்டடக் கலைஞருமான விக்டர் ஹார்ட்மன், முசோர்க்ஸ்கியின் நண்பர், 1873இல் முப்பத்தொன்பது வயதில் இறந்தார். மறு ஆண்டு நடந்த அவருடைய ஓவியக் கண்காட்சியைப் பார்த்த முசோர்க்ஸ்கி, படம் படமாக நடந்து பார்ப்பதைப் பியானோவில் எழுதினார். படங்களுக்கு நடுவே அவரே நடந்துபோகும் நடையும் இசையாக வருகிறது. உலகம் அதிகம் அறிந்தது 1922இல் ராவெல் வாத்தியக்குழுவுக்காக மாற்றி எழுதிய வடிவத்தைத்தான். ரிக்டருக்கு அந்த வடிவம் பிடிக்காது. பியானோவுக்காக எழுதிய மூலத்தில் கரடுமுரடாக இருப்பது கரடுமுரடாகவே இருக்கவேண்டும் என்பது அவர் கட்சி.

தட்டை ஓடவிடுங்கள். முதல் நடை. பலரும் இதைக் கோயில் வாசலில் நிற்பதுபோல் பயபக்தியோடு தொடங்குவார்கள். ரிக்டர் விறுவிறுவென்று உள்ளே நுழைகிறார். படம் பார்க்க வந்த மனிதன், அவ்வளவுதான். ‘மாட்டுவண்டி’ என்ற படத்துக்கு வாருங்கள். ரிம்ஸ்கி-கோர்சகோவ் திருத்திய பதிப்பில் அந்த வண்டி தூரத்தில் மெல்லக் கேட்டு நெருங்கிவரும். முசோர்க்ஸ்கி எழுதியதில் அப்படி இல்லை. வண்டி முதல் அடியிலேயே நம் முகத்துக்கு நேரே நிற்கிறது, முழு பாரத்தோடு. ரிக்டரின் இடது கை அந்தச் சக்கரங்களைச் சேற்றிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி இழுக்கிறது. சுரம் அழகாக ஒலிக்கிறதா என்ற கவலையே அங்கே இல்லை. பாரம் கேட்கிறதா என்பதுதான் கணக்கு.

‘லிமோஷ் சந்தை’யில் பெண்கள் வாய்ச்சண்டை போடுகிறார்கள். ரிக்டர் எடுக்கும் வேகத்தில் எந்தக் கையும் சறுக்கத்தான் செய்யும். சண்டை உச்சிக்குப் போய் அப்படியே தலைகுப்புற விழுகிறது, விழுந்த இடம் பாதாளக் கல்லறை. அங்கே நீளநீளமான கூட்டுச்சுரங்கள் மட்டும். ஒவ்வொன்றையும் ஒலி தேயும்வரை விட்டுவிட்டுக் காத்திருக்கிறார். சந்தை இரைச்சலுக்கும் கல்லறைக்கும் நடுவே இடைவெளியே கிடையாது என்பதுதான் முசோர்க்ஸ்கி செய்த கொடூரமான காரியம். நண்பனின் சாவு அப்படித்தான் வந்தது. வெட்டி ஒட்டிய பதிவுகளில் சந்தை தனியாகப் பளபளக்கும், கல்லறை தனியாக இருண்டிருக்கும். சோஃபியாவில் ஒன்றிலிருந்து மற்றது விழுகிறது. ‘கீவ் நகரின் பெருங்கதவம்’ வரும்போது ரிக்டர் களைத்திருக்கிறார், சில சுரங்கள் கைநழுவுகின்றன, ஆனாலும் மணியோசை மேல் மணியோசையாக ஏறி அவர் கட்டும் முடிவு என்னை ஒருமுறையும் அசையாமல் விட்டதில்லை.

அதே இரவில் ஷூபர்ட், ஷோப்பான், லிஸ்ட் உருப்படிகளும் உண்டு. லிஸ்டின் ‘கொள்ளிவாய்ப் பிசாசு’ப் பயிற்சியை மறவாமல் கேளுங்கள். வலக்கை இரட்டைச் சுரங்களாகவே நடுங்கிக்கொண்டு ஓடவேண்டும். பியானோ படைப்புகளில் மிகக் கடினமானவை என்று கலைஞர்களே அஞ்சுகிற சிலவற்றில் அதுவும் ஒன்று. ரிக்டர் அதை உரக்க வாசிக்கவே இல்லை. முழுவதும் ஒரு முணுமுணுப்பாகவே பறக்கிறது. பியானோ வாசிக்கும் நண்பர்களுக்கு இதைப் போட்டுக் காட்டினால் வாசிப்பைப் பற்றிப் பேச அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

1960இல் கதவு திறந்தது. அக்டோபர் 15 அன்று சிகாகோவில் பிராம்ஸின் இரண்டாவது கான்செர்ட்டோவோடு அமெரிக்க அரங்கேற்றம். நடத்தவேண்டிய ஃப்ரிட்ஸ் ரைனர் நோயில் விழுந்ததால் எரிக் லைன்ஸ்டார்ஃப் வந்தார். இரண்டு நாள் கழித்து அதே குழுவோடு ஆர்சிஏ நிறுவனம் அதைப் பதிவு செய்தது. தட்டு விற்றுத் தீர்ந்தது, கிராமி விருதும் வாங்கியது. ரிக்டரோ அதைத் தன் மோசமான பதிவுகளில் ஒன்று என்றார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன், பிராம்ஸின் முதல் பகுதியில் அந்தப் பிடரி சிலிர்க்கும் பலம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அவசரம் தெரிகிறது. அதே அக்டோபரில் நியூயார்க் கார்னகி மன்றத்தில் ஐந்து தனிக்கச்சேரிகள் வாசித்தார். முதல் இரவு முழுக்க பீத்தோவன், கடைசியில் ‘அப்பஸியொனாட்டா’. பத்தொன்பது ஆண்டுகள் காணாத தாயைச் சந்தித்ததும் அந்த நாட்களில், அந்த ஊரில்தான். அந்தக் கச்சேரிகளில் கேட்கும் பதற்றத்தை அதோடு சேர்த்தே நான் கேட்கிறேன்.

கான்செர்ட்டோக்கள் வேண்டுமென்றால், லிஸ்டின் இரண்டும் 1961 ஜூலையில் லண்டனில் நடத்துநர் கிரில் கொந்த்ராஷினோடு பதிவானவை. அவற்றை மிஞ்ச இன்றுவரை ஆள் வரவில்லை என்பதே என் துணிபு. ரஹ்மானினோவின் இரண்டாவது கான்செர்ட்டோ 1959இல் வார்சாவில், ஸ்டானிஸ்லாவ் விஸ்லோட்ஸ்கியோடு. தொடக்கத்தில் பியானோ தனியே தரும் கூட்டுச்சுரங்களை அவர் எவ்வளவு நிதானமாக அடுக்குகிறார் பாருங்கள்.

கைவைக்க வேண்டாத தட்டு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடையில் முதலில் கண்ணில் படுவது அதுதான். 1969இல் பெர்லினில் பதிவான பீத்தோவனின் மும்மைக் கான்செர்ட்டோ. ஓய்ஸ்ட்ராக், ரொஸ்ட்ரோபோவிச், ரிக்டர், நடத்துவது கராயன். நான்கு பெயர்களைப் பார்த்து உலகமே வாங்கியது. ஓரிடத்தை மறுபடி வாசிக்கலாம் என்று தான் கேட்டபோது, நேரமில்லை, படம் எடுக்கவேண்டும் என்று கராயன் சொல்லிவிட்டதாக ரிக்டர் புரூனோ மோன்செஞ்சனின் ஆவணப்படத்தில் கசப்போடு நினைவுகூர்கிறார். அட்டைப்படத்தில் நால்வரும் சிரிக்கிறார்கள்.

சோஃபியாவுக்கு அடுத்து எதைக் கேட்பது? ஷூபர்ட். அவருடைய கடைசி சொனாட்டா, டி 960. 1828 செப்டம்பரில் எழுதி முடித்தார், நவம்பரில் இறந்துபோனார், வயது முப்பத்தொன்று. ரிக்டர் 1972இல் ஸால்ஸ்பர்க்கில் செய்த பதிவில் முதல் பகுதி மட்டும் இருபத்துநான்கு நிமிடத்துக்கு மேல் போகிறது. பலர் இருபதுக்குள் முடிப்பார்கள். முதல் மெட்டு ஒரு வாக்கியம்போல வந்து நிற்கிறது. எட்டாவது தாளக்கட்டில், பியானோவின் அடித்தளத்தில், மிக மெல்லிய ஒரு நடுக்கம் உருள்கிறது, நின்றுவிடுகிறது. பிறகு மௌனம். பல கலைஞர்கள் அந்த நடுக்கத்தை இடி மாதிரி காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ரிக்டர் அதற்குப் பின்னால் உள்ள மௌனத்தை முழு அளவுக்கு எண்ணி வாசிக்கிறார். இருபத்துநான்கு நிமிடமும் அந்த நடுக்கம் மறுபடி எப்போது வரும் என்றே நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதே சொனாட்டாவை 1957 மே மாதம் மாஸ்கோவில் ரிக்டர் வாசித்தபோது கூட்டத்தில் இருந்தவர் கிளென் கூல்ட். இவ்வளவு மெதுவாக யாரும் வாசித்து அவர் கேட்டதில்லை. ஷூபர்ட்டின் திரும்பத் திரும்ப வரும் அமைப்பு தனக்கு ஒவ்வாது என்று நினைத்திருந்தவர், அன்று கட்டுண்டு உட்கார்ந்திருந்ததாகப் பின்னாளில் சொன்னார். ஒலிநாடாவை நம்பியவர், மேடையை நம்பியவரிடம் தோற்ற மாலை அது. அதைக் கூல்ட் மனம் திறந்து சொன்னது அவருடைய பெருமை.

பாஹ் விஷயத்தில் மேடைப் பதிவைவிடக் கூடப்பதிவையே முதலில் சொல்வேன். நாற்பத்தெட்டு முகப்பிசை–ஃபியூக்குகளையும் ஸால்ஸ்பர்க்குக்கு வெளியே க்ளெஸ்ஹைம் மாளிகையில் பதிவு செய்தார். முதல் தொகுதி 1970, இரண்டாவது 1972–73. கல் மண்டபத்தின் எதிரொலி சுரங்களின் ஓரங்களைக் கரைத்துவிடுகிறது. கூல்டின் ஊசிமுனைத் தெளிவுக்குப் பழகிய காதுக்கு முதலில் புகை மூட்டமாகத் தோன்றும். ஆனால் இரவில், மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுப் பாருங்கள். 1973இல் இன்ஸ்ப்ரூக்கில் இவற்றை மேடையில் வாசித்த பதிவும் கிடைக்கிறது. அதில் ஃபியூக்குகள் இன்னும் நேராக நடக்கின்றன. பீத்தோவனின் கடைசி மூன்று சொனாட்டாக்களுக்கு லைப்ஸிக், 1963 நவம்பர் 28. அங்கே கூட்டம் மூச்சடக்கி உட்கார்ந்திருப்பது நாடாவிலேயே தெரிகிறது.

பீத்தோவனின் எல்லா சொனாட்டாக்களும், ஷோப்பானின் எல்லா பிரெலூட்களும் என்று தொகுப்பு தேடுகிறவர்களுக்கு ரிக்டர் ஏமாற்றம்தான். ‘நிலவொளி’ சொனாட்டாவை வாசிக்கவே மாட்டார். பீத்தோவனின் நான்காவது, ஐந்தாவது கான்செர்ட்டோக்களையும் மேடையேற்றவில்லை. தனக்குப் பிடித்ததைத்தான் வாசிப்பார்; மற்றவை வேறு யாருக்காவது இருக்கட்டும்.

பெரிய அரங்குகளை விட்டும் அவர் மெல்ல விலகினார். 1964இல் பிரான்சின் தூர் நகருக்கு அருகில் பழைய தானியக் களஞ்சியம் ஒன்றில் தனக்கென ஒரு விழாவைத் தொடங்கினார். 1980களில் அரங்கின் விளக்குகளை அணைக்கச் சொல்லி, சுரப்பிரதிமேல் விழும் ஒற்றை விளக்கு வெளிச்சத்தில் வாசித்தார். பார்க்க வேண்டாம், கேட்டால் போதும் என்பது அவர் வாதம். நினைவிலிருந்து வாசிப்பதையும் விட்டுவிட்டார். முதுமையில் அவருடைய சுருதி உணர்வே பிறழ்ந்து, ஒலிக்கும் சுரம் வேறாகவும் காதில் விழும் சுரம் வேறாகவும் ஆகிவிட்டிருந்தது. அந்த நிலையிலும் 1986இல் சைபீரியாவின் குறுக்கே காரில் பயணம் செய்து, பெரிய கலைஞர் எவரும் எட்டிப்பார்த்திராத சிறு ஊர்களில் வாசித்தார். 1995 மார்ச்சில் ஜெர்மனியின் லூபெக்கில் கடைசிக் கச்சேரி. 1997 ஆகஸ்ட் 1 அன்று மாஸ்கோவில் காலமானார்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ரிக்டரின் பெயரில் அனுமதியில்லாமல் வெளியான தட்டுகள் ஏராளம். தேதியும் ஊரும் தப்பாகப் போட்டவை அவற்றில் நிறைய. ஒரே கச்சேரி இரண்டு மூன்று ஊர்ப் பெயர்களில் விற்கப்பட்டதும் உண்டு. அட்டையில் ஊர், நாள், ஆண்டு மூன்றும் தெளிவாக இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். அவரே ஒப்புதல் அளித்த கச்சேரிப் பதிவுகளை 1990களில் பிலிப்ஸ் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. பழைய தட்டுக் கடைகளில் தனித்தனியாகக் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். சோஃபியா கச்சேரி பலமுறை மறுபதிப்பாகியிருக்கிறது. இரைச்சலை முழுக்கத் துடைத்த பதிப்புகளில் பியானோவின் மேல்சுரங்களும் சேர்ந்து மங்கியிருக்கும். கொஞ்சம் இரைச்சல் இருக்கிற பதிப்பே நல்லது.

அடுத்த பகுதியில், புரோகோஃபியேவின் எட்டாவது சொனாட்டாவை 1944 டிசம்பரில் முதலில் அரங்கேற்றிய எமில் கிலெல்ஸ்.

(தொடரும்)